சுவிட்சுகளின் கான்ஃபிகரேஷனை ஆட்டோமேட் செய்ய எதை முதலில் படிக்க வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது: பல கிளைகள், சிஸ்கோவும் ஜூனிபரும் கலந்த சுவிட்சுகள், ஒரு விலான் (நெட்வொர்க்கைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிவு) சேர்க்க ஒவ்வொன்றிலும் லாகின் செய்ய வேண்டியிருக்கிறது, பைத்தானா, அன்சிபிளா (பல டிவைஸ்களில் ஒரே மாற்றத்தைச் செய்யும் கருவி), நெட்கான்ஃபா (டிவைஸ் கான்ஃபிகரேஷனை மாற்றும் நெறிமுறை), எதில் தொடங்குவது?

மூன்றுமே அப்புறம். எந்த போர்ட்டில் எந்த விலான், எந்தக் கிளைக்கு எந்த ஐபி வரிசை என்ற விவரம் இப்போது எங்கே இருக்கிறது? பழைய எக்செல் ஒன்றிலும் இரண்டு பேர் தலைக்குள்ளும் என்றால், எந்தக் கருவி வந்தும் பயனில்லை. இந்த விவரங்களைப் பதிந்து வைக்கும் நெட்பாக்ஸ் இலவசம், 2016-லிருந்து ஓப்பன் சோர்ஸ். முதலில் அதில் ஏற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் பாதிச் சிக்கல் இங்கேயே அவிழும்.

நெட்மிகோ போன்ற பைத்தான் லைப்ரரியை வைத்து எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை லாகின்) வழியாகக் கமாண்டுகளை அனுப்புவது எல்லோரும் செய்வது. அதில் உள்ள ஆபத்துக்கு ஓர் உதாரணம்: சிஸ்கோ ட்ரங்க் போர்ட்டில் (பல விலான்களைச் சுமக்கும் போர்ட்) ஏற்கெனவே விலான் பட்டியல் இருக்கிறது. 'ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவுட் விலான் 30' என்று கொடுத்தால் 30 சேராது. இருந்த பட்டியல் போய் 30 மட்டும் நிற்கும். நடுவே 'ஆட்' என்ற சொல் வேண்டும். கையால் அடிக்கும்போது ஒரு சுவிட்சோடு போகும் தவறு, ஸ்கிரிப்டில் ஒரே நிமிடத்தில் எல்லாக் கிளைகளுக்கும் போய்விடும்.

நெட்கான்ஃப் வந்த காரணமும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 2002-ல் இணையக் கட்டமைப்பு வாரியம் கூட்டிய பட்டறையில் நெட்வொர்க் நடத்துபவர்கள் குறைகளை அடுக்கினார்கள்: எஸ்என்எம்பி என்ற பழைய நெறிமுறை கண்காணிக்க உதவுகிறது, கான்ஃபிகரேஷனுக்கு உதவவில்லை, பல டிவைஸ்களில் ஒரு மாற்றத்தை முழுதாகச் செய்யவோ முழுதாகத் திரும்பப் பெறவோ வழி வேண்டும். 2006-ல் நெட்கான்ஃப் தரநிலையானது. அதில் எனக்குப் பிடித்தது 'கன்ஃபர்ம்டு கமிட்'. மாற்றத்தைப் போட்டுவிட்டு, குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் டிவைஸ் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வேறு நேரம் சொல்லாவிட்டால் 600 நொடி. தொலைவில் உள்ள கிளையின் லிங்க்கை நீங்களே அறுத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்தில் அது திரும்ப வந்துவிடும், யாரும் வண்டி எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். ஜூனிபரில் கமாண்ட் லைனிலேயே இது உண்டு. சிஸ்கோ ஐஓஎஸ் எக்ஸ்இ-யில் இதற்குத் தேவையான கேண்டிடேட் வசதியை (மாற்றத்தை முதலில் வரைவாக வைக்கும் இடம்) தனியாக ஆன் செய்ய வேண்டும். எச்டிடிபி (வெப் நெறிமுறை) பழகியவர்களுக்கு, அதன் வழியாக இதே வேலையைச் செய்யும் ரெஸ்ட்கான்ஃப் எளிது, ஆனால் அதில் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால் விவரங்களைப் படிக்க ரெஸ்ட்கான்ஃப், மாற்ற நெட்கான்ஃப் என்பது என் பழக்கம்.

சோதனைக்கென்று எழுதும் கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் படுத்ததே, அது பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கமாண்டால்தான். அதைத் தடுத்திருக்க வேண்டிய தணிக்கைக் கருவியிலேயே பிழை இருந்ததாக நிறுவனமே பின்னர் எழுதியது. மாற்று வழியாக வைத்திருந்த அவுட் ஆஃப் பேண்ட் நெட்வொர்க்கும் அன்று கைகொடுக்கவில்லை. உங்கள் கிளைகளில் கன்சோலுக்கு (டிவைஸை நேரடியாக இயக்கும் போர்ட்) தனி 4ஜி ரௌட்டர் இருக்கிறதா என்று எதையும் மாற்றத் தொடங்கும் முன் பாருங்கள்.

சரி, நெட்பாக்ஸுக்குப் பிறகான வரிசை. முதலில் படிக்க மட்டும் செய்யுங்கள்: தினமும் இரவில் எல்லா கான்ஃபிகையும் எடுத்து கிட் (மாற்றங்களின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) என்பதில் போட்டு, நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று பாருங்கள். அடுத்து என்டிபி (நேரத்தைச் சரிசெய்வது), சிஸ்லாக் (பதிவுகளை அனுப்புவது) மாதிரி தவறினாலும் டிராஃபிக் நிற்காத விஷயங்களை அன்சிபிளில் மாற்றுங்கள். பிறகு அக்சஸ் போர்ட் (பயனரின் கம்ப்யூட்டர் இணையும் போர்ட்) விலான். கோர் ரௌட்டரின் பிஜிபி (நெட்வொர்க்குகளுக்கிடையே பாதையைத் தீர்மானிக்கும் நெறிமுறை) கடைசியில்தான்.

இடையில் ஒரு தகராறு வரும். யாராவது அவசரத்துக்கு நேரடியாக லாகின் செய்து ஒன்றை மாற்றுவார்; அடுத்த முறை ஆட்டோமேஷன் ஓடும்போது அது அழிந்துவிடும், பழி உங்கள் ஸ்கிரிப்ட் மேல் விழும். கையால் மாற்றியதை அன்றைக்கே நெட்பாக்ஸில் ஏற்ற வேண்டும் என்று மேலாளரிடம் இப்போதே எழுத்தில் வாங்கி வையுங்கள். மேலாளருக்கே லாகின் இருந்தால் அவருக்கும் சேர்த்து.