வாசகர் கேள்வி பதில்: டேப்லெட்டின் முகப்புத் திரையை எப்படி அமைப்பது?

கேள்வி: பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். மாட்டுத்தாவணி பூச்சந்தை வியாபாரிகளுக்காக, பத்து அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு ஒரு முகப்புத் திரையை உருவாக்கி வருகிறேன். வரிசைக்கு ஆறாக நான்கு வரிசைகளில் 24 செயலிகளையும் ஒரே பக்கத்தில் வைத்திருக்கிறேன். பார்க்க ஒழுங்காக இருந்தாலும், வேண்டியதைத் தேட வேண்டியிருக்கிறது என்கிறார்கள். எதை மாற்றுவது?
– வாசகர், திருப்பரங்குன்றம்

பதில்: கைப்பேசியை ஒரு கையில் பிடித்து அதே கையின் கட்டைவிரலால் இயக்கிவிடலாம், பத்து அங்குல டேப்லெட்டில் அது நடக்காது. இரு கைகளாலும் அகலவாக்கில் பிடித்தால், கட்டைவிரல்கள் இடது, வலது ஓரங்களைத்தான் எட்டும்; மேல் நடுப்பகுதியைத் தொட ஒரு கையை விட்டாக வேண்டும். ஆகவே, நாள்தோறும் வேண்டிய ஆறு அல்லது எட்டுச் செயலிகளை மட்டும் ஓரங்களின் கீழ்ப்பாதியில் வைத்து, அன்றைய கிலோ விலை, வரவேண்டிய பாக்கி போன்று பார்த்தால் போதும் என்பவற்றை நடுவில் விட்ஜெட்டாக, அதாவது செயலியைத் திறக்காமலே தகவலைக் காட்டும் சிறு பெட்டியாக, காட்டுங்கள். மற்றவை அடுத்த பக்கத்தில் இருக்கட்டும்.

சந்தையில் வியாபாரியின் கை பெரும்பாலும் ஈரமாக இருக்கும் என்பதை நீங்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். பூ வாடாதிருக்கத் தண்ணீர் தெளித்த விரல்களோடுதான் திரையைத் தொடுவார்கள். இன்றைய தொடுதிரைகள் விரல் படும்போது மின்புலத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டே தொடுதலை அறிகின்றன. நீர்த்துளியும் அத்தகைய மாற்றத்தை உண்டாக்குவதால், தொடாத இடத்தைத் தொட்டதாகத் திரை எடுத்துக்கொள்ளும். தொடும் பரப்பு குறைந்தது 48 டி.பி. (திரை எதுவானாலும் ஏறத்தாழ ஒரே அளவில் தெரிய ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர், இருக்க வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். உங்கள் பயனாளர்களுக்கு அதைப் போல் இரு மடங்கும், சின்னங்களுக்கிடையே தாராளமான இடைவெளியும் கொடுங்கள் என்பேன். ஓர் இலக்கை விரல் சென்றடையும் நேரம் அதன் தொலைவையும் அளவையும் பொறுத்தது என்று உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் காட்டியது இங்கே அப்படியே பொருந்தும். அழுத்திப் பிடித்தால்தான் திறக்கும், இழுத்தால்தான் தெரியும் என்று எந்த முக்கிய வேலையையும் வைக்காதீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்குத் தனிக் கவனம் தேவை. 'கொள்முதல் கணக்கு', 'கொள்முதல் ரசீது' என்ற இரண்டும் ஒரே வரியில் இடம் போதாமல் 'கொள்முதல்…' என்று நின்றுவிட்டால், எது எதுவென்று யாருக்கும் தெரியாது. எழுத்தைச் சிறிதாக்கி இதைச் சரிசெய்ய முயல வேண்டாம். பெயரை இரண்டு வரிகளில் ஓட விடுங்கள். அல்லது 'ரசீது', 'கணக்கு' என்று வேறுபடுத்தும் சொல்லை முன்னால் வையுங்கள். வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு ஏற்ற அளவில் விட்டால் மேலே புள்ளியும் இகரக் குறிகளும், கீழே உகரக் குறிகளும் வெட்டுப்படும். எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிமாறுபாடு இருக்கட்டும்; பின்னணியில் மல்லிகைப் படம் வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள், வெள்ளை எழுத்து அதில் காணாமல் போகும்.

டேப்லெட்டைத் திருப்பும்போது சின்னங்களின் வரிசை கலையக் கூடாது; பலரும் பெயரைப் படித்தல்ல, இடத்தை நினைவில் வைத்தே தொடுகிறார்கள். வியாபாரம் சூடாக இருக்கும் காலை வேளையில் ஒருவர் அருகே நின்று, "இன்றைய வரவைப் பதியுங்கள் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வாய் திறக்காமல் கவனியுங்கள். அவர் விரல் முதலில் எங்கே போகிறதோ, அந்தச் செயலிக்கு உரிய இடம் அதுதான்.

கேள்வி: என் மாமியார் டேப்லெட்டைத் தொடும்போதெல்லாம் செயலிகள் இடம் மாறிவிடுகின்றன, சில சமயம் மறைந்தும் விடுகின்றன. என்ன செய்யலாம்?
– வாசகி, மேலூர்

பதில்: அவர் விரல் திரையில் சற்றுக் கூடுதல் நேரம் நிற்பதால், சின்னத்தை நகர்த்தச் சொல்வதாக டேப்லெட் புரிந்துகொள்கிறது. சாம்சங் உள்ளிட்ட பல ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளின் முகப்புத் திரை அமைப்புகளில், அடுக்கைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் எதுவும் நகராது. ஐபேட் என்றால், 2023-இல் வந்த ஐபேட்ஓஎஸ் 17 முதல் உள்ள 'அசிஸ்டிவ் ஆக்சஸ்' முறையைப் பயன்படுத்துங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்த சில செயலிகள் மட்டும் பெரிய கட்டங்களாகத் தெரியும். எவற்றை வைப்பது என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.