டிராஃபிக்ல தொளதொளன்னு ஆகுற கிளட்ச் பெடல் (பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்)

கிளட்ச் பிளேட்டை இப்போ மாத்தாதீங்க. பிளேட் தேஞ்சா ஆர்பிஎம் ஏறும், வண்டி இழுக்காது. உங்களுக்கு காலையில நல்லா இருக்கு. சென்னை ஓஎம்ஆர் டிராஃபிக்ல ஊர்ந்தா பெடல் பஞ்சாகுது, ரெண்டு மிதி மிதிச்சா திரும்புது. அது கிளட்ச் ஆயில் லைன்ல காத்து, இல்லன்னா ஈரம் ஏறின ஆயில்.

கிளட்ச், பிரேக் ரெண்டுக்கும் போடுற டாட் 4 ஆயில் புதுசுல குறைஞ்சது 230 டிகிரி தாங்கும். ஈரத்தை இழுத்துட்டா கொதிநிலை 155 பக்கம் வந்துடும். நம்ம கடலோரக் காத்துக்கும் டர்போ சூட்டுக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தியே ஆகணும்.

முதல்ல இதைப் பாருங்க:

1. பிரேக் ஆயில் டப்பா லெவல். கிளட்ச் லைனும் அதுல இருந்துதான் வருது, அதுவும் பக்கவாட்டுல மேல இருந்து. பிரேக் பேடு தேஞ்சு லெவல் இறங்கினா முதல்ல காத்து வாங்குறது கிளட்ச்தான்.

2. முன்னாடி ஆள் இல்லாத சமதரையில இன்ஜினை ஓடவிட்டு, ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்ச்சை அடிவரை அமுக்கி ஒரு நிமிஷம் பிடிங்க. வலது கால் பிரேக் மேல தயாரா இருக்கட்டும், அமுக்க வேண்டாம். வண்டி மெல்ல முன்னாடி இழுத்தா மாஸ்டர் சிலிண்டர் (பெடல் பக்கம் ஆயிலைத் தள்ளுற உருளை) உள்சீல் போயிருக்கு.

3. பெடல் ராடு பக்கத்துல கார்பெட் ஈரமா? கியர்பாக்ஸ் மேல ஸ்லேவ் சிலிண்டர் (அந்த ஆயில் அழுத்தத்துல கிளட்ச்சை விலக்குற உருளை) ரப்பரை லேசா விலக்கினா சொட்டுதா?

மூணுலயும் கசிவு இல்லன்னா, சீல் உடைக்காத புது ஆயில் டின் வாங்கி ப்ளீட் பண்ணச் சொல்லுங்க, அதாவது பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்தச் சொல்லுங்க. நடுவுல டப்பா காலியாகக் கூடாது. பெயின்ட்ல சிந்தினா உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

சில நாள்ல திரும்ப பஞ்சானா சிலிண்டர்தான். புதுப்பேட்டையில பழசு வாங்காதீங்க, ரப்பர் சீலை நம்ப முடியாது, ஜி.பி. ரோட்டுல புதுசே வாங்குங்க. லெவல் தொடர்ந்து இறங்கினா வண்டியை எடுக்கவே வேண்டாம், பிரேக்குக்கும் அதே ஆயில்தான்.