வெளுத்துக் கட்டுவோம்: வாசகர் கேள்வி – பதில்

நீலம், கஞ்சி, பார் சோப்பு, பூந்திக்கொட்டை என்று பழைய சலவைச் சாமான்களைப் பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில்.

கே: அப்பாவின் எட்டு முழ வேட்டிக்குப் பழையபடி தூள் நீலம் போட்டுப் பார்த்தேன். வேட்டி முழுக்கத் திட்டுத் திட்டாக நீலம். சொட்டு நீலத்தில் இந்தத் தொல்லை இல்லையே, ஏன்?
– வாசகி, கும்பகோணம்

ப: தூள் நீலம் தண்ணீரில் கரையவே கரையாது. அல்ட்ராமரின் எனும் அந்த நிறமி, வண்டலைப் போல மிதந்து, சும்மா விட்டால் அடியில் படிந்துவிடும். படிகிற நேரத்தில் வேட்டியை மடிப்போடு உள்ளே இறக்கினால் மடிப்புதோறும் திட்டுதான். ரீகல், உஜாலா போன்ற சொட்டு நீலம் கரைகிற சாயம். கலக்கிவிட்டால் வாளி முழுக்க ஒரே சீராக நிற்கும். 1983-ல் வந்த உஜாலா வீட்டுக்கு வீடு நுழைந்ததற்கு இந்த ஒரு வசதியே போதும்.

தூளைத்தான் போடுவேன் என்றால் மூட்டை கட்டிப் போடுங்கள். கால் டீஸ்பூன் தூளை வெள்ளைத் துணியில் முடிந்து, ஒரு செம்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பிழிந்து நிறத்தை எடுங்கள். கட்டிகள் முடிச்சுக்குள்ளேயே தங்கிவிடும். அந்த நீரை அரை வாளி, அதாவது சுமார் 10 லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கலக்குங்கள். வாளியைப் பார்த்து அளவை முடிவு செய்யாதீர்கள். ஆழத்தில் எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும். உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள். வெளிறிய வானம் போல் இருந்தால் சரி.

வேட்டி நன்றாக அலசியதாக, பிழிந்து ஈரமாக இருக்க வேண்டும். காய்ந்த துணி முதலில் பட்ட இடத்திலேயே நீலத்தை இழுத்துக்கொள்ளும். சோப்பு மிச்சமிருந்தால் அங்கேயும் திப்பியாக ஒட்டும். உதறிப் பிரித்து, நாலைந்து முறை முக்கி எடுத்தால் ஆயிற்று. ஊற வைக்கவே கூடாது. அடுத்த வேட்டிக்கு முன் மறுபடி கலக்க மறக்காதீர்கள்.

விழுந்துவிட்ட திட்டுக்கு: முதலில் வெறும் தண்ணீரில் ஊற வைத்துக் கசக்குங்கள். போகாத இடத்தில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தடவி அரை மணி நேரம் விடுங்கள். அமிலம் பட்டால் அல்ட்ராமரின் சிதைந்து நிறம் இழக்கும். லேசாக அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் பயப்பட வேண்டாம், நிறமியில் இருக்கும் கந்தகத்தின் வேலை அது. பிறகு நன்றாக அலசிவிடுங்கள்.

கே: நீலம் போட்டால் அழுக்கு போகுமா?
– வாசகர், சேலம்

ப: துளியும் போகாது. பழுப்பேறிய பருத்தியின் மஞ்சளை நீலம் ஈடுகட்டுகிறது, கண் அதை வெண்மை என்று ஏற்றுக்கொள்கிறது. வெள்ளைத் துணி பளிச்சிடப் போடும் டினோபால் வேறு ரகம். அது வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். அதனால்தான் டினோபால் போட்ட சட்டை வாசலில் பளிச்சென்றும், குண்டு பல்பு வெளிச்சத்தில் சாதாரணமாகவும் இருந்தது. இன்றைய சலவைத் தூள்கள் பெரும்பாலானவற்றில் இந்தச் சரக்கு ஏற்கெனவே கலந்திருக்கிறது. மேலே நீலமும் கொட்டினால் சட்டை சாம்பல் பூக்கும்.

கே: அந்தக் காலத்தில் ஒரு துண்டு பார் சோப்பில் வீட்டுத் துணி முழுக்கத் துவைத்தார்களாம். எங்கள் போர் தண்ணீரில் பார் சோப்பு தேய்த்தால் நுரையே வரவில்லை, தயிர்த் திப்பி மாதிரி மிதக்கிறது. சோப்பு மட்டமா?
– வாசகி, ராமநாதபுரம்

ப: சோப்பின் மேல் பழி போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத திப்பியாகிவிடுகின்றன. அவை தீர்ந்த பிறகுதான் நுரை வரும். அதற்குள் பாதிக் கட்டி போய்விடும். அந்தத் திப்பி நூலிழைக்குள் படிந்துதான் வெள்ளைத் துணி நாளாக நாளாகப் பழுப்பேறுகிறது.

இதற்குப் பழைய வழி சலவைச் சோடா. 10 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. சோடாவை முதலில் போட்டுக் கலக்கி, பத்து நிமிடம் விட்டு, பிறகுதான் சோப்பு. வரிசையை மாற்றினால் பலன் இல்லை. பட்டு, கம்பளி பக்கம் சோடாவைக் கொண்டு போகாதீர்கள், காரம் அந்த இழையைத் தின்றுவிடும். கையிலும் எரிச்சல் எடுக்கும்.

டிடர்ஜென்ட் வென்றதும் இந்த இடத்தில்தான். உப்புத் தண்ணீரிலும் அது திப்பி கட்டாது. 1888-ல் கல்கத்தா துறைமுகத்தில் வந்து இறங்கிய சன்லைட்டும், டாடா எண்ணெய் ஆலையின் 501 பாரும் எண்ணெயில் செய்த அசல் சோப்புகள். 1959-ல் சர்ஃப் தூள், 1969-ல் ரின் கட்டி, அதே ஆண்டு அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா. இவை டிடர்ஜென்ட். ரின்னையும் நாம் ‘சோப்பு’ என்றுதான் கேட்டு வாங்கினோம், சரக்கு வேறு. மழைநீர் பிடித்து வைத்திருந்தால் அதில் ஒரு முறை பார் சோப்பு போட்டுப் பாருங்கள், வித்தியாசம் முதல் தேய்ப்பிலேயே தெரியும்.

கே: காட்டன் புடவைக்குக் கஞ்சி போட்டால் ஒரு பக்கம் அட்டை, ஒரு பக்கம் தொளதொள. கறுப்புப் புடவையில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கிறது.
– வாசகி, மதுரை

ப: இரண்டுக்கும் காரணம் கஞ்சியில் கட்டி. வடிகஞ்சியானால் சூடாக இருக்கும்போதே துணியில் வடிகட்டுங்கள்; ஆறினால் ஆடை கட்டிவிடும். உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம், உப்பு ஈரத்தை இழுத்து மழை நாளில் புடவை பிசுபிசுக்கும். வடிகஞ்சி இல்லையென்றால், ஒரு புடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி மைதாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஊற்றிக் கிளறுங்கள். வெள்ளை மாறிக் கண்ணாடி போல் ஆக வேண்டும். வேகாத மாவுதான் காய்ந்ததும் பூக்கிறது. வடிகட்டி, மூன்று லிட்டர் தண்ணீர் சேர்த்து, அலசிப் பிழிந்த ஈரப் புடவையை முக்கி, ஆளுக்கு ஒரு முனை பிடித்து உதறுங்கள். கறுப்புப் புடவையை உள்புறம் வெளியே வரும்படி உலர்த்துங்கள்.

தேய்ப்பதற்கு முன் தண்ணீர் தெளித்துச் சுருட்டி அரை மணி நேரம் வையுங்கள். இஸ்திரிப் பெட்டியில் கஞ்சி ஒட்டினால், சூட்டோடு வாழையிலையில் நாலு இழுப்பு இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். மாதக்கணக்கில் பீரோவில் கிடக்கப்போகிற புடவைக்குக் கஞ்சியே போடாதீர்கள். ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

கே: பட்டுக்குப் பூந்திக்கொட்டை சரிதானா?
– வாசகி, கோயம்புத்தூர்

ப: சோப்பைவிடச் சரி, அதில் காரம் இல்லை. 10, 12 கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை ஒரு லிட்டர் வெந்நீரில் இரவு ஊற வைத்துப் பிசைந்து வடிகட்டி, அரை வாளித் தண்ணீரில் கலக்குங்கள். சாறு கண்ணில் பட்டால் தீயாய் எரியும். இரண்டு நாளுக்கு மேல் வைத்தால் புளித்துவிடும். வெள்ளைப் பட்டுக்கு வேண்டாம், சாற்றின் பழுப்பு ஏறலாம். அரக்கு பார்டரை ஈர வெள்ளைத் துணியால் ஓரமாக அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் டிரை கிளீனிங்தான். நிழலில் உலர்த்துங்கள்.

கே: பாட்டியின் பழைய புடவை ஓரத்தில் உள்பக்கமாக ஒரு கோடும் மூன்று கறுப்புப் புள்ளியும். எதைப் போட்டும் போகவில்லை.
– வாசகி, திருநெல்வேலி

ப: போகாது, போகக்கூடாது என்றே வைத்தது. அது வண்ணார் குறி. பல வீட்டுத் துணிகள் ஒரே வெள்ளாவியில், அதாவது துணியை ஆவியில் அவிக்கும் அடுப்பில், வேகும்போது கலந்துவிடாமலிருக்க, வீட்டுக்கு ஒரு குறி. சேங்கொட்டை என்ற மரக்கொட்டையின் பாலில் இட்டு, சுண்ணாம்பு சேர்த்தால் கன்னங்கறேல் என்று நிலைத்துவிடும். வெளுக்கப் போடும் உவர்மண்ணின் காரத்துக்கும் ஆவிக்குமே அசையாது. பிளீச்சிங் போட்டுப் பார்க்காதீர்கள், குறிக்கு முன்னால் புடவை ஓட்டை விழும். சேங்கொட்டை வாங்கி நீங்களும் குறி வைக்கலாம் என்ற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பால் பட்ட தோல் கொப்புளித்துவிடும்.