மிடியை ஆடியோவாக்குவதும் தாளம் பிசகுவதும்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அறை ஒன்றில் ஒலிப்பதிவு செய்கிறேன். அதற்கு முன்னால் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. ஆடி பிறப்பதற்கு முன்பே அம்மன் பாட்டு வேலைகள் குவிந்துவிடும். அந்தச் சமயத்தில் தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கமிருந்து வரும் சந்தேகங்களைப் பிழிந்தால் இரண்டுதான் மிஞ்சும்: மிடி எப்படி ஆடியோ ஆகும், தாளம் ஏன் முன்னே பின்னே போகிறது. வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (வலங்கைமான்): அண்ணே, கீபோர்டை யூஎஸ்பியில் கம்ப்யூட்டரோடு இணைத்து ஒரு பாட்டு முழுக்க வாசித்துப் பதிந்தேன். திரும்பப் போட்டால் நன்றாகக் கேட்கிறது. வேவ் ஃபைலாக எடுத்தால் நாலு நிமிஷம் வெறும் மௌனம். ஃபைல் கெட்டுப்போச்சா?

பதில்: ஒன்றும் கெடவில்லை தம்பி. மிடிக்குள் சத்தமே கிடையாது. எந்தக் கட்டையை எப்போது அழுத்தினாய், எவ்வளவு வேகமாக அழுத்தினாய், எப்போது விட்டாய் என்ற குறிப்புதான் இருக்கும். சுரம் எழுதின நோட்டுப் புத்தகம் மாதிரி. அதை யாராவது பார்த்து வாசித்தால்தான் பாட்டு. நீ கேட்டது கம்ப்யூட்டரின் சத்தம் இல்லை. கம்ப்யூட்டர் குறிப்பைத் திருப்பி அனுப்பியது, கீபோர்டு வாசித்தது. வேவ் எடுக்கும்போது கம்ப்யூட்டர் தனக்குள் இருப்பதைத்தானே எடுக்கும்? விண்டோஸோடு வருகிற சின்த்தில் (குறிப்பைச் சத்தமாக்கும் சாஃப்ட்வேர்) கேட்டு வேலை பார்க்கிறவர்களுக்கும் இதே கதைதான்.

வழி இரண்டு. கீபோர்டின் சத்தமே வேண்டுமென்றால் அதன் லைன் அவுட்டிலிருந்து இடது, வலது இரண்டு கேபிளும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கு (சத்தத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் பெட்டி) போகட்டும். புதிதாக ஓர் ஆடியோ ட்ராக் திறந்து, மிடியை ஓடவிட்டு ரெக்கார்டு செய். நாலு நிமிஷப் பாட்டுக்கு நாலு நிமிஷம் உட்காரத்தான் வேண்டும். இல்லையென்றால் அந்த மிடி ட்ராக்கில் ஒரு பிளக்-இன் வாத்தியத்தையோ (சாஃப்ட்வேருக்குள் ஏற்றும் வாத்தியம்), சவுண்ட்ஃபாண்ட் (வாத்தியச் சத்தங்களின் தொகுப்பு) வாசிக்கும் பிளேயரையோ ஏற்றிவிட்டு ரெண்டர் செய், அதாவது ஆடியோ ஃபைலாக்கு. இதில் சத்தம் கம்ப்யூட்டருக்குள்ளேயே பிறப்பதால் நாலு நிமிஷப் பாட்டு சில விநாடிகளில்கூட முடிந்துவிடும். ரீப்பர் என்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் ட்ராக்கை ஃப்ரீஸ் செய்யலாம். கியூபேஸில் ரெண்டர் இன் ப்ளேஸ், லாஜிக்கில் பவுன்ஸ் இன் ப்ளேஸ். பெயர்தான் வேறு.

கேள்வி (அதே வலங்கைமான்): கேபிள் போட்டு எடுத்துவிட்டேன் அண்ணே. இப்போது ஆடியோ கொஞ்சம் பின்னால் வருகிறது. ஒவ்வொரு சுரமாக இழுத்து வைக்கட்டுமா?

பதில்: கையை எடு! எதையும் நகர்த்துவதற்கு முன்னால் அளந்து பார். முதல் ஆவர்த்தனத்தில் (தாளத்தின் ஒரு சுற்று) சமம், அதாவது அதன் முதல் அடி, விழும் இடத்தை நன்றாகப் பெரிதாக்கி, எத்தனை சாம்பிள் (ஒலியின் மிகச் சிறிய துணுக்கு) தள்ளி விழுகிறது என்று குறித்துக்கொள். பாட்டின் நடுவில் ஒரு சமம், கடைசியில் ஒரு சமம். மூன்று இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் அது மெஷின் செய்த வேலை. ட்ராக்கை மொத்தமாக அந்த அளவு முன்னால் நகர்த்தினால் தீர்ந்தது. ஓர் இடத்தில் முன்னே, ஓர் இடத்தில் பின்னே என்றால் அது கை செய்தது. அதற்கு வைத்தியமே வேறு.

மெஷின் ஏன் தாமதிக்கிறது என்றால், சத்தத்தை அது சொட்டுச் சொட்டாக எடுப்பதில்லை. வாளி வாளியாக எடுக்கும். அந்த வாளிதான் பஃபர். விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற ரேட்டில் 256 பஃபர் என்றால் 5.8 மில்லி செகண்ட், 1024 என்றால் 23. உள்ளே வர ஒரு வாளி, வெளியே போக ஒரு வாளி. இந்தத் தாமதத்தை சாஃப்ட்வேர் தானே கழித்துக்கொள்ளப் பார்க்கும். ஆனால் டிரைவர் தப்பான கணக்கு சொன்னால் மிச்சம் நிற்கும். அந்த மிச்சத்தைப் பிடிக்க ஒரு சோதனை உண்டு. இன்டர்ஃபேஸின் அவுட்புட்டிலிருந்து ஒரு கேபிளை அதன் இன்புட்டுக்கே கொடு. ஒரு ட்ராக்கில் கிளிக்கை (எண்ணிக்கை தட்டும் டிக் டிக் சத்தம்) ஓடவிட்டு, இன்னொன்றில் ரெக்கார்டு செய். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் செட்டிங்கில் ரெக்கார்டிங் ஆஃப்செட் என்கிற இடத்தில் எழுதிவிடு. என் பழைய இன்டர்ஃபேஸில் 212 சாம்பிள் வந்தது, அதாவது 5 மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவு. சோதனை முடிகிற வரை ஸ்பீக்கரையும் இன்புட் மானிட்டரிங்கையும் அணைத்து வை, இல்லையென்றால் ஊளையிடும்.

இது போக, பழைய ஐந்து முள் மிடி கேபிளில் விநாடிக்கு 31,250 பிட்தான் போகும். 1983இல் முடிவான வேகம் அது. ஒரு சுரத்தின் குறிப்பு போக ஏறக்குறைய 1 மில்லி செகண்ட். இதற்காக யாரும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி (திருவாரூர், பாட்டு டீச்சர்): பிள்ளைகள் எட்டுப் பேர் ஹெட்போன் போட்டுக் கோரஸ் பாடினார்கள். எல்லோருமே பின்னால் இழுக்கிறார்கள். வகுப்பில் அப்படிப் பாடுகிறவர்கள் இல்லை.

பதில்: டீச்சர், ஹெட்போன் ப்ளூடூத்தா? அப்படியென்றால் பிள்ளைகளைத் திட்டாதீர்கள். இசை அவர்கள் காதுக்கே நூறு, இருநூறு மில்லி செகண்ட் தாமதமாகத்தான் போயிருக்கும். ஒயர் ஹெட்போன் வாங்குங்கள். பாடி முடித்த கோரஸை மொத்தமாக முன்னால் நகர்த்திக் காப்பாற்றிவிடலாம்.

கேள்வி (நீடாமங்கலம் பக்கம், தவில் வாசிப்பவர்): தம்பி, நான் வாசித்த தனி ஆவர்த்தனத்தை என் மகன் கம்ப்யூட்டரில் ‘சரி’ செய்தான். குவாண்டைஸாம், அடிகளைக் கட்டத்தில் ஒட்ட வைப்பதாம். கேட்டால் என் கை மாதிரியே இல்லை. திஸ்ரம் (மூன்று மூன்றாக வரும் நடை) போன இடமெல்லாம் நொண்டுகிறது. சாஃப்ட்வேருக்கு நம் தாளம் வராதா?

பதில்: ஐயா, சாஃப்ட்வேருக்கு ஒரு தாளமும் தெரியாது. நாம் போட்டுக் கொடுக்கிற கட்டம்தான் தெரியும். உங்கள் மகன் எண்ணிக்கைக்கு நாலு கட்டம் போட்டிருப்பார். சதுச்ரத்துக்கு அது சரி. திஸ்ரத்தில் என்ன நடக்கும் என்று பாருங்கள். நிமிஷத்துக்கு 120 எண்ணிக்கை என்றால் ஓர் எண்ணிக்கை 500 மில்லி செகண்ட். தகிட என்ற மூன்று சொல்லும் 0, 167, 333 என்று விழ வேண்டும். நாலு கட்டமோ 0, 125, 250, 375இல் இருக்கிறது. சாஃப்ட்வேர் 167ஐப் பக்கத்திலிருக்கும் 125க்கு இழுக்கும், 333ஐ 375க்குத் தள்ளும். சமமாக இருந்த மூன்று இடைவெளியும் 125, 250, 125 ஆகிவிடும். நொண்டாமல் என்ன செய்யும்?

நடை மாறுகிற இடத்தில் தனியிலிருந்து அந்தத் துண்டை மட்டும் தேர்ந்தெடுத்துக் கட்டத்தை மாற்ற வேண்டும்: திஸ்ரத்துக்கு 3, கண்டத்துக்கு 5, மிஸ்ரத்துக்கு 7, சங்கீர்ணத்துக்கு 9. பல சாஃப்ட்வேர்கள் ஓர் எண்ணிக்கையை 960 துணுக்காகப் பிரிக்கும். 5ஆல் வகுத்தால் 192, மிச்சமில்லை. 7ஆல் வகுத்தால் 137.14 என்று இழுக்கும். பயப்பட வேண்டாம். உங்கள் வேகத்தில் ஒரு துணுக்கு அரை மில்லி செகண்ட்தான், அதில் ஒரு பின்னம் யார் காதிலும் விழாது.

சரி, கட்டம் சரியாகவே இருந்தாலும் எல்லா அடியையும் ஒட்ட வைக்கலாமா? என் அனுபவத்தில் கூடாது. கூடு மாட்டிய விரல்கள் வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) பொழிகிற அடிகளுக்கு நடுவே இருக்கிற அந்தச் சின்ன ஏற்றத்தாழ்வில்தான் வாசிப்பவர் யாரென்று தெரிகிறது. நான் செய்வது இவ்வளவுதான்: சமம், அறுதி (ஒரு பகுதி முடியும் இடம்), கோர்வை (முடிவுச் சொற்கட்டு) வந்து விழும் இடம் மூன்றையும் பார்ப்பேன். அவை தள்ளியிருந்தால் அந்தத் துண்டை மட்டும் நகர்த்துவேன். குவாண்டைஸ் போட்டே ஆக வேண்டுமென்றால் அதன் பலத்தை 100க்குப் பதில் 50 சதவீதத்தில் வைக்கலாம். பாதித் தூரம்தான் இழுக்கும், கை தெரியும். அப்புறம் பாட்டு அரை எண்ணிக்கை தள்ளி எடுப்பு (தொடங்கும் இடம்) என்றால் அதைப் பிசகு என்று நினைத்துச் சமத்துக்கு இழுத்துவிட வேண்டாம் என்று மகனிடம் சொல்லுங்கள். என்னிடம் வேலை கற்ற பையன் ஒருவன் அப்படிச் செய்து, பாடகரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

இன்னொன்று. தொப்பிக்கு (இடப்பக்கம்) ஒரு மைக், வலந்தலைக்கு ஒரு மைக் வைத்திருந்தால் இரண்டு ட்ராக்கையும் ஒரே குழுவாகக் கட்டித்தான் வெட்டவோ நகர்த்தவோ வேண்டும். ஒன்று மட்டும் இரண்டு மில்லி செகண்ட் நகர்ந்தாலும் அடி உள்ளீடற்றுப் போய்விடும், தகர டப்பா மாதிரி.

கேள்வி (திருவையாறு): பிளக்-இன் நாதஸ்வரத்தில் பிட்ச் பெண்ட் வீலை (சுரத்தை வளைக்கும் சக்கரம்) திருப்பித் திருப்பி ஒரு ராகத்தைக் கமகத்தோடு பிடித்து வைத்திருந்தேன். நண்பரின் ஸ்டூடியோவில் அதே மிடியைப் போட்டால் கமகம் எல்லாம் சுருங்கி, ஏதோ அபசுரமாகக் கேட்கிறது.

பதில்: பிட்ச் பெண்ட் என்பது ‘வீல் எவ்வளவு திரும்பியது’ என்று மட்டும்தான் சொல்லும். 16,384 படி உண்டு, நுணுக்கத்தில் குறையில்லை. ஆனால் முழுக்கத் திருப்பினால் எத்தனை சுரஸ்தானம் ஏற வேண்டும் என்பது வாசிக்கிற வாத்தியத்தின் செட்டிங்கில் இருக்கிறது. பொதுவாக இரண்டு. உங்கள் பிளக்-இன்னில் 12 வைத்திருந்திருப்பீர்கள். நண்பரிடம் 2. ஆறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். நண்பரின் பிளக்-இன்னில் பெண்ட் ரேஞ்சை 12 ஆக்கச் சொல்லுங்கள். அதைவிட, வெளியே அனுப்பும்போது மிடியோடு ஆடியோவையும் சேர்த்து அனுப்புங்கள். கமகம் உள்ள ட்ராக்குக்கு ஆடியோதான் நம்பகம்.

நாதஸ்வரம், வயலின் மாதிரி மெதுவாகப் பிறக்கிற சத்தங்கள் கட்டத்தில் சரியாக இருந்தும் பிந்திக் கேட்கும். சுரங்களைத் தொடாமல் ட்ராக் டிலேயை (ட்ராக்கை மொத்தமாக நகர்த்தும் செட்டிங்) மைனஸ் 20, 30 மில்லி செகண்ட் வைத்துக் காதால் முடிவு செய்யுங்கள். இவ்வளவு பாடுபடுவதற்கு, நரசிங்கம்பேட்டை உங்களுக்கு எவ்வளவு தூரம்? அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. வாசிக்கிற ஒருவரை அரை நாள் கூப்பிட்டால் பிளக்-இன் வேலை மிச்சம்.

கேள்வி (நாகப்பட்டினம்): ட்ராக்குகளை எம்பி3 ஆக்கி வாட்ஸப்பில் அனுப்பினேன். அங்கே எல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கிறதாம்.

பதில்: எம்பி3 ஆக்கும்போது முன்னால் ஒரு மௌனத் துண்டு ஒட்டிக்கொள்ளும். லேம் என்கிற என்கோடரில், திரும்பப் பிரிக்கும்போது சேர்வதையும் கூட்டினால் 1,105 சாம்பிள், 44,100இல் 25 மில்லி செகண்ட். வேவ் அனுப்புங்கள். எல்லா ட்ராக்கும் பாட்டின் பூஜ்யத்திலிருந்தே தொடங்கட்டும். பல்லவியில் மட்டும் வருகிற ஜால்ராவும்தான். சாம்பிள் ரேட்டையும் எழுதிவிடுங்கள். 48,000இல் எடுத்ததை 44,100 என்று படித்தால் நாலு நிமிஷப் பாட்டு 4 நிமிஷம் 21 விநாடி ஓடும், சுருதி முக்கால் கட்டை இறங்கிவிடும்.

கேள்வி (மயிலாடுதுறை): விருத்தம், அதைத் தொடர்ந்து பாட்டு. கிளிக் இல்லாமல் பாடி எடுத்தாகிவிட்டது. இப்போது மிடியில் தபேலா, ஃப்ளூட் சேர்க்க வேண்டும். பாடகர் வேகம் கூடிக் குறைகிறது.

பதில்: பாடகரைக் கிளிக்குக்குள் அடைக்காமல், கிளிக்கைப் பாடகரின் பின்னால் ஓட விடுங்கள். விருத்தத்துக்குத் தாளமே இல்லை, அதை அப்படியே விட்டுவிடுங்கள். பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஆவர்த்தனத்தின் சமத்திலும் ஒரு டெம்போ மார்க்கர் (வேகத்தைக் குறிக்கும் புள்ளி) வையுங்கள். எட்டு எண்ணிக்கைக்கு ஒன்று போதும். எண்ணிக்கைக்கு ஒன்று வைத்தால் தபேலா குடித்தவன் மாதிரி தள்ளாடும். மார்க்கர் வைக்கும் முன் குரல் ட்ராக்கின் டைம்பேஸை (எதோடு ஒட்டி நகர வேண்டும் என்ற செட்டிங்) ‘நேரம்’ என்று வைத்துப் பூட்டுங்கள். மறந்தால் மார்க்கரை நகர்த்தும் ஒவ்வொரு முறையும் குரலும் சேர்ந்து நகரும். இதெல்லாம் முடிகிற வரை மற்ற ட்ராக்குகள் மிடியாகவே இருக்கட்டும். மிடி டெம்போவோடு தானே வளைந்து கொடுக்கும். ஆடியோ ஆக்கிவிட்டால் இழுத்து நீட்ட வேண்டும், தபேலாவின் அடி அதில் நைந்துவிடும்.

கேள்வி (பட்டுக்கோட்டை): கோயில் கச்சேரியை போனில் வீடியோவும் தனி ரெக்கார்டரில் ஆடியோவும் எடுத்தேன். ஆரம்பத்தில் ஒட்டுகிறது, 40 நிமிஷம் கழித்து விலகிவிடுகிறது.

பதில்: இரண்டு கருவிக்குள்ளும் இரண்டு கடிகாரம். 2,400 விநாடியில் 0.12 விநாடி விலகினால் லட்சத்தில் 5 பங்குதான் வித்தியாசம். கடைசியில் ஒரு பளிச்சென்ற அடியைப் பிடித்து, ஆடியோவை அந்த அளவு மட்டும் நீட்டினாலோ சுருக்கினாலோ முழுக்க ஒட்டும். அடுத்த முறை தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைதட்டல் பதிந்துகொள்ளுங்கள்.

கேள்வி (மன்னார்குடி): ஆடியோ ஆக்கியபின் மிடியை அழித்துவிடலாமா? லேப்டாப் திணறுகிறது.

பதில்: ஃப்ரீஸ் செய்தாலே திணறல் நின்றுவிடும். ரெண்டர் எடுக்கும்போது கடைசிச் சுரத்துக்குப் பின் மூன்று விநாடி வால் விடுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி கத்தரித்தாற்போல் நிற்கும். மிடியை ஊமையாக்கி ஓரமாக வையுங்கள், அழிக்க வேண்டாம். நான் ஒருமுறை அழித்தேன். மறுநாள் காலை பாடகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “அண்ணே, ஒரு அரைக் கட்டை இறக்கிக்கலாமா?” என்றார். ஒன்பது ட்ராக். அன்று ராத்திரி கரண்ட் வேறு இரண்டு தடவை போனது.