பெல்ட்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டரை மாற்றலாம்

கேள்வி: என்னுடையது பத்து வருடப் பழைய டீசல் கார். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்ஜினிலிருந்து ‘ஊய்ங்’ என்ற இரைச்சல் ஏறுகிறது. ஆல்டர்னேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா?

பதில்: அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைச் சுற்றவைப்பது இன்ஜினுக்கு வெளியே ஓடும் ஒரு பெல்ட். அதே பெல்ட்டில் சுற்றும் டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), ஐட்லர் புல்லி (பெல்ட்டுக்கு வழிகாட்டும் சக்கரம்), ஏசி கம்ப்ரஸர், பவர் ஸ்டீயரிங் பம்ப், வாட்டர் பம்ப் என எது தேய்ந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் கத்தும். காதால் மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்வது சூதாட்டம்.

முதலில் ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் 2500 ஆர்பிஎம் வரை கொண்டுபோங்கள். நின்ற இடத்திலேயே சத்தம் ஏறினால் கோளாறு இன்ஜினோடு சுற்றும் பாகத்தில். வண்டி ஓடும்போது மட்டும், வேகத்துக்கேற்ப வந்தால் வீல் பேரிங், கியர்பாக்ஸ் பக்கம் தேட வேண்டும். நிற்கும்போது கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் அடங்கினால் கியர்பாக்ஸ் இன்புட் பேரிங். மிதித்தால்தான் வருகிறது என்றால் ரிலீஸ் பேரிங்.

அடுத்து, ஐடிலில் விட்டு ஒவ்வொன்றாகச் சுமை ஏற்றுங்கள். ஹெட்லைட், புளோயர், பின்கண்ணாடி டீஃபாகர் போட்டதும் குரல் கூடினால் சந்தேகம் ஆல்டர்னேட்டர் மேல் விழும். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்தால் பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட் காட்ட வேண்டும். மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றும்போது 0.5-க்கு மேல் வந்தால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசியை டிசியாக்கும் டயோடு பழுது. ஆனால் சார்ஜிங் சரியாக இருப்பதாலேயே பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பும்போது சத்தம் உச்சத்துக்குப் போனால் பவர் ஸ்டீயரிங் பம்ப். ஐந்து வினாடிக்கு மேல் அப்படிப் பிடிக்க வேண்டாம், பம்ப் சூடாகும். ஆயிலில் நுரை தெரிந்தால் பம்ப்பை மாற்றுவதற்கு முன் அதற்கு வரும் உறிஞ்சு குழாயின் கிளாம்ப்பைப் பாருங்கள். பல நேரம் காற்று அங்கேதான் நுழைகிறது. எலக்ட்ரிக் ஸ்டீயரிங் வண்டிகளில் இந்தப் பம்ப்பே கிடையாது.

இவ்வளவுக்கும் பிடிபடவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றுவதுதான் உறுதியான சோதனை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பெல்ட் ஓடும் வழியை போனில் படம் எடுத்துக்கொண்டு கழற்றி, அரை நிமிடம் மட்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்ப் நின்றிருக்கக்கூடும். வண்டியை நகர்த்தவே கூடாது. சில டீசல் கார்களில் பிரேக்குக்கான வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கும்; பெல்ட் இல்லாவிட்டால் அதுவும் நின்று, பிரேக் சரியாகப் பிடிக்காது.

சத்தம் நின்றால், இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுழற்றுங்கள். நரநரவென்று மணல் அரைபடுவது போலிருந்தாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ அதுதான் குற்றவாளி. அண்மையில் பெல்ட் மாற்றியிருந்தால், அதிக இறுக்கமும் பேரிங்கை இப்படிக் கத்த வைக்கும்.

ஆல்டர்னேட்டர் என்றே தெரிந்தாலும் முழுசாக மாற்ற அவசரமில்லை. பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். அதே எண்ணில், இருபுறமும் ரப்பர் சீல் போட்டதை வாங்கி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுத்தால் முன்பின் இரண்டையும் மாற்றித் தருவார். ஒன்றை மட்டும் மாற்றுவது வீண் கூலி.

பெல்ட் இல்லாமலும் இரைச்சல் தொடர்ந்தால் இன்ஜின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அல்லது செயின் பக்க டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேடேறும்போது மட்டும் கூர்மையாக விசிலடித்தால், இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவையும் அதன் காற்றுக் குழாய்களையும்.