கிளாம்ஸ் கோட்டையில் ஒரு காலி இருக்கை

அன்புத் தங்கைக்கு,

முதுகலை படிக்க ஸ்காட்லாந்தின் டண்டி நகருக்கு வந்து ஆறு வாரம்கூட ஆகாத நிலையில், ஊருக்கு வெளியே பழைய கோட்டை ஒன்றின் தேநீர்க் கடையில் வார இறுதி வேலை கிடைத்திருப்பதாகவும், யாரோ அனுப்பிய பேய்க் காணொளியைப் பார்த்துவிட்டு அம்மா பாளையங்கோட்டையிலிருந்து நாள்தோறும் தொலைபேசியில் அழுவதாகவும் எழுதியிருந்தீர்கள். இந்த ஊர்க்காரர்கள் உண்மையாகவே பேயை நம்புகிறார்களா, அவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது நாம் எப்படி நடந்துகொள்வது, வரும் சனிக்கிழமை தோழிகளோடு கிளாம்ஸ் கோட்டைக்குப் போகலாமா என்பவை உங்கள் கேள்விகள். இருபத்திரண்டு ஆண்டுகளாக இங்கே குடியிருப்பவன், ஊரிலிருந்து வந்த ஒவ்வொரு விருந்தாளியையும் அந்தக் கோட்டைக்கு அழைத்துப்போய் அதன் படிக்கட்டுகளை எண்ணாமலேயே ஏறப் பழகியவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தாராளமாகப் போங்கள். டண்டிக்கு வடக்கே ஏறத்தாழ 19 கிலோமீட்டர்தான். ஒன்றை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள்: எழுத்தில் எப்படி இருந்தாலும் அதைக் 'கிளாமிஸ்' என்று உச்சரிக்கக் கூடாது, 'கிளாம்ஸ்' என்றே சொல்லவேண்டும். நான் வந்த புதிதில் பேருந்து ஓட்டுநரிடம் மூன்று முறை 'கிளாமிஸ்' என்று கேட்டு, அவர் மூன்று முறையும் பொறுமையாகத் தலையசைத்து, கடைசியில் நானே காகிதத்தில் எழுதிக் காட்டவேண்டியதாயிற்று.

நம்பிக்கையைப் பற்றிய உங்கள் கேள்விக்கு ஆம், இல்லை என்று விடை சொல்ல முடியாது. இங்கே யாரையாவது நேரே நிறுத்தி, "பேய் உண்டா?" என்று கேட்டால், பெரும்பாலும் சிரித்துவிட்டு மறுப்பார்கள், அடுத்த மூச்சிலேயே, தங்கள் பாட்டி ஏதோ ஒரு விடுதியின் மாடிப்படியில் பார்த்ததை விரிவாகச் சொல்லத் தொடங்குவார்கள். நம் ஊரில் உச்சிவேளையில் புளியமரத்தடியில் நிற்காதே என்று சொல்பவரிடம் தத்துவ விளக்கம் கேட்கிறோமா? அதுபோலத்தான் இதுவும். நம்புகிறேன் என்று நீங்கள் நடிக்கவேண்டியதில்லை. ஆனால் சிரித்து ஒதுக்காதீர்கள். முன்பின் அறியாதவரோடு பத்து நிமிடம் பேசுவதற்கு இந்த நாட்டில் வானிலைக்கு அடுத்தபடியாக இருப்பது பேய்க் கதைதான்; உடன் வேலை செய்பவர் அதை உங்களிடம் சொல்கிறார் என்றால், உங்களை வேற்றாளாக நினைக்கவில்லை என்று பொருள்.

கேட்கும்போது எனக்கு ஒரு பழக்கம் உண்டு. பேய் எந்த அறையில் நடமாடுகிறது என்பதை விட்டுவிட்டு, செத்தது யார், சாகடித்தது யார் என்று கேட்பேன். கிளாம்ஸ் கோட்டைக்கு இந்தக் கேள்வி நன்றாகவே பொருந்தும்.

அங்குள்ள ஆவிகளில் தலையாயது 'சாம்பல் நிறச் சீமாட்டி'. கோட்டைக்குள் ஒரு சிறிய பிரார்த்தனைக்கூடம் இருக்கிறது. 46 பேர் அமரலாம். ஜேக்கப் டி வெட் என்ற டச்சு ஓவியர் 1688-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த பலகை ஓவியங்கள் சுவரையும் கூரையையும் மூடியிருக்கின்றன. வழிகாட்டி அவசரப்படுத்தினாலும் அவற்றை நின்று பாருங்கள்: ஓர் ஓவியத்தில் இயேசு தொப்பி அணிந்திருப்பார், இன்னொன்றில் சீமோன் என்ற சீடர் மூக்குக்கண்ணாடி போட்டிருப்பார். அந்தக் கூடத்தில் ஓர் இருக்கையை அந்தச் சீமாட்டிக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாரும் அதில் உட்காருவதில்லை.

அந்தப் பெண் ஜேனட் டக்ளஸ், கிளாம்ஸ் பிரபுவின் விதவை. 1537 ஜூலை 17 அன்று எடின்பரோ கோட்டைக்கு வெளியே உள்ள மேட்டில் அவளை உயிரோடு எரித்தார்கள். சூனியக்காரி என்று எரித்தார்கள் என்பதுதான் பயணிகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை. உங்கள் அம்மா பார்த்த காணொளியும் அதைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் அவள்மீது சுமத்தப்பட்ட குற்றம் சூனியம் அன்று. ஸ்காட்லாந்தின் ஐந்தாம் ஜேம்ஸ் மன்னரை நஞ்சிட்டுக் கொல்லச் சதி செய்தாள் என்னும் அரசத் துரோகம். அவளுடைய அண்ணன் ஆங்கஸ் பிரபு, மன்னரின் தாயை மணந்துகொண்டு, சிறுவனாக இருந்த மன்னரைத் தன் பிடியிலேயே ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருந்தார். 1528-இல் தப்பித்த மன்னருக்கு டக்ளஸ் என்ற பெயரே எட்டிக்காயாயிற்று; அண்ணன் இங்கிலாந்துக்குப் போய்விட்டதால் கைக்கு எட்டிய தங்கை மாட்டிக்கொண்டாள். அவளுடைய இளவயது மகனுக்கும் மரணதண்டனை விதித்துச் சிறையில் வைத்தார்கள். கிளாம்ஸ் கோட்டை பறிமுதல் செய்யப்பட்டு, மன்னரே அங்கு வந்து தங்கினார். 1542-இல் அவர் இறந்த பிறகுதான் மகன் வெளியே வந்து சொத்தைத் திரும்பப் பெற்றான்.

பாருங்கள், நடந்தது அப்பட்டமான அரசியல் பழிவாங்கல். சொத்தும் அரசருக்குப் போயிற்று. கதை வாய்வழியே வரும்போது மன்னர் மெல்ல நழுவிவிட, சூனியமும் சாம்பல் உடையும் மட்டும் தங்கிவிட்டன. ஆனாலும் அந்த இருக்கையை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். நீங்கள் நெல்லைச் சீமைக்காரர், உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: அநியாயமாகக் கொல்லப்பட்டவர்களுக்குப் பீடம் எழுப்பிக் கொடை கொடுத்து, அவர்கள் செத்த கதையை விடிய விடிய வில்லில் பாடுவது நம் ஊர் வழக்கம்தானே. என் அம்மா ஒருமுறை கோடையில் இங்கே வந்திருந்தபோது, வழிகாட்டி சொல்வதை நான் காதருகே மொழிபெயர்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். அந்த இருக்கைக்கு முன்னால் நின்று கடைசிவரை கேட்டவர், "சரி, அவளுக்கு வருசத்துக்கு ஒருநாள் என்ன படைப்பார்கள்?" என்றார். படைப்பது கிடையாது, இருக்கையைக் காலியாக விடுவதோடு சரி என்றேன். வீடு திரும்பும்வரை அம்மாவுக்கு அது ஆறவில்லை.

மற்ற கதைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 'தாடிக்காரப் பிரபு' என்று அழைக்கப்படும் கிராஃபோர்டு பிரபு சனிக்கிழமை இரவு சீட்டாடிக்கொண்டிருந்தாராம், ஞாயிறு பிறக்கப்போகிறது, நிறுத்துங்கள் என்று வேலையாள் சொல்லியும் கேளாமல், சாத்தான் வந்தாலும் ஆடுவேன் என்றாராம், கதவு தட்டப்பட்டதாம், சுவருக்குள் மறைந்த ஓர் அறையில் உலக முடிவுவரை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறாராம். அந்தப் பிரபு இறந்தது 1453-இல். ஞாயிற்றுக்கிழமைக் கட்டுப்பாடு இந்த நாட்டில் இறுகியது 1560-இல் நடந்த சமயச் சீர்திருத்தத்துக்குப் பின்புதான். ஆகவே, பிற்காலப் போதகர்களின் கண்டிப்பை முற்காலப் பிரபு ஒருவரின் தலையில் கட்டிய கதை இது என்பது என் ஊகம். மாக்பெத் டங்கன் மன்னரை இந்தக் கோட்டையில் கொன்றார் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பவேண்டாம். ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் மாக்பெத்துக்குக் கிளாம்ஸ் பட்டம் இருப்பதால் ஒட்டிக்கொண்ட கதை அது. டங்கன் 1040-இல் எல்கின் என்ற ஊருக்கு அருகே போர்க்களத்தில் இறந்தவர்.

எனக்குப் பிடிக்காத கதை ஒன்றும் உண்டு. 1821 அக்டோபர் 21 அன்று குடும்பத்தின் முதல் வாரிசாக ஓர் ஆண்குழந்தை பிறந்து, அன்றே இறந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்தக் குழந்தை சாகவில்லை, உருக்குலைந்து பிறந்ததால் இரகசிய அறையில் அடைத்து வளர்த்தார்கள் என்று விக்டோரியா காலத்தில் வதந்தி பரவி, 'கிளாம்ஸ் அரக்கன்' என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள். விருந்தினர்கள் எல்லா அறைகளின் சன்னல்களிலும் துண்டுகளைத் தொங்கவிட்டு வெளியே வந்து பார்த்தபோது, துண்டு இல்லாத சன்னல்கள் சில தென்பட்டன என்பது அதன் கிளைக்கதை. துண்டுக் கதை சுவையானது, மறுக்கவில்லை. ஆனால் பிறந்த அன்றே இறந்த ஒரு பிள்ளையை அரக்கன் என்பதைக் கேட்டு என்னால் சிரிக்க முடிவதில்லை.

"அப்படியானால் அத்தனை பேர் பயப்படுவது எதனால்?" என்று கேட்பீர்கள். சில இடங்களில் சுவர் ஐந்து மீட்டர்வரை கனமானது. ஓர் அறையில் நடப்பது அடுத்த அறைக்குக் கேட்காது. இளம் வயதில் அங்கே ஓர் இரவு தங்கிய எழுத்தாளர் வால்டர் ஸ்காட், தன்னைப் படுக்கையறையில் விட்டுச் சென்றவர் போகும் வழியில் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தும் ஓசையைக் கேட்டபோது, உயிரோடிருப்பவர்களை விட்டு வெகுதூரம் வந்து செத்தவர்களுக்குப் பக்கத்தில் கிடப்பதாகத் தோன்றியது என்று 1830-இல் எழுதினார். ஒரு பேயையும் அவர் பார்க்கவில்லை, கதவோசையே போதுமாயிருந்தது. எடின்பரோவின் தென்பாலத்துக்கு அடியிலுள்ள நிலவறைகளில் 2001-இல் ரிச்சர்டு வைஸ்மன் என்ற உளவியலாளர் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சற்று நேரம் இருக்கவைத்து ஆய்வு செய்தார். பேயுண்டு என்று பெயர்பெற்ற அறைகளில், அந்தப் பெயரை அறியாதவர்களுக்குங்கூட விசித்திர உணர்வுகள் மிகுதியாக ஏற்பட்டன. அந்த வேறுபாடு வெளிச்சத்தின் அளவோடும் அறையின் அமைப்போடும் இணைந்து வந்தது. இருட்டும் குளிரும் உயரமான கூரையும் நம் உடம்பை முதலில் உஷார்ப்படுத்திவிடுகின்றன. பேய் என்ற காரணத்தை மனம் பிறகுதான் தேடிப் பிடிக்கிறது.

எனக்கும் நேர்ந்தது. முதல் குளிர்காலத்தில் நான் குடியிருந்தது பழைய கல் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடி. இரவு பதினொன்றைத் தாண்டியதும் சுவருக்குள் யாரோ விரல்முட்டியால் தட்டுவதுபோல ஓசை வரும்: விட்டு விட்டு ஐந்தாறு தட்டு, பிறகு நீண்ட மௌனம், மறுபடியும் ஒன்று. நான்கு இரவுகள் விளக்கை எரியவிட்டுத் தூங்கி, ஐந்தாம் நாள் கீழ்வீட்டுப் பாட்டியிடம் வெட்கத்தோடு சொன்னேன். அவர் மேலே வந்து வெந்நீர்க் குழாயில் என் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். பதினொரு மணிக்கு வெப்பமூட்டி தானாக அணையும். சூடாக இருந்த குழாய் ஆறிச் சுருங்கும்போது பலகையில் உரசித் தட்டுகிறது. அதை விளக்கி முடித்துவிட்டுப் படியிறங்கும்போது, "உன் வீட்டில் குழாய்தான். இரண்டாம் மாடியில் இருப்பது வேறு," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊர்க்காரர்களின் நம்பிக்கை எப்படிப்பட்டது என்று எனக்குப் புரிந்தது அன்றுதான்.

வேலையை விடவேண்டாம். அக்டோபர் இறுதியில் ஹாலோவீன் வரும்போது கோட்டைகளில் கூட்டம் மிகும், தேநீர்க் கடையிலும் வேலை கூடும். அந்தி வேளையில் வேடமிட்ட குழந்தைகள் உங்கள் வீட்டுக் கதவையும் தட்டுவார்கள். இங்குள்ள வழக்கப்படி அவர்கள் ஒரு பாட்டோ நகைச்சுவையோ சொன்ன பிறகே மிட்டாய் கொடுக்கவேண்டும், கேட்காமலே கொடுத்துவிட்டால் முகம் வாடிவிடும்.

அம்மாவிடம் எதையும் மறைக்காதீர்கள். ஜேனட்டின் கதையை முழுதாகச் சொல்லுங்கள். காணொளியைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும், அழுகை கோபமாக மாறவும் கூடும். நீங்கள் அஞ்சவேண்டியது வேறொன்று. டிசம்பரில் மாலை மூன்றரை மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். கடலிலிருந்து 'ஹார்' என்னும் மூடுபனி ஏறினால் பத்தடிக்கு அப்பால் சாலை தெரியாது. கோட்டைக்குப் போகும் ஒற்றைச் சாலைகள் பலவற்றில் நடைபாதையும் இல்லை, தெருவிளக்கும் இல்லை. ஒளி பட்டால் மின்னும் மேற்சட்டை ஒன்றும் சிறிய கைவிளக்கு ஒன்றும் இந்த வாரமே வாங்கிக்கொள்ளுங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை வேலைக்குச் சேரும் முதல் நாளே மேலாளரிடம் சொல்லி வையுங்கள். அதற்குப் பத்து நிமிடம் முன்னதாக உங்களை விடுவிக்க ஒப்புக்கொண்டால் மட்டும் மாலை வேலைக்குச் சரி என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அண்ணன்