கடைசி இரண்டு படிகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போனில் ஆயிரத்துக்கு மேல் எண்கள் இருக்கின்றன. மனசு சரியில்லாத நாளில் யாரை அழைப்பது என்று தெரியவில்லை. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பதில்: நிச்சயமாக இல்லை. ஒருவரால் உயிர்ப்போடு வைத்துக்கொள்ள முடிகிற உறவுகள் சுமார் 150 என்று ராபின் டன்பர் என்ற மானுடவியலாளர் கணக்கிட்டார். அதிலும் மிக நெருக்கமானவர்கள் ஐந்து பேர் அளவில்தான். அந்த ஐந்தில் ஒருவரை இன்று அழையுங்கள். காரணம் எதுவும் வேண்டாம்.

கேள்வி: வாடகைக்கு வீடு பார்க்கிறோம். அக்கம்பக்கம் நன்றாக அமைய எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: மாடிப்படியைக் கவனியுங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக மாணவர் குடும்பங்களின் குடியிருப்பில் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் குழுவினர் செய்த ஆய்வு 1950இல் வெளியானது. அடுத்தடுத்த கதவுக்காரர்களில் 41 சதவீதம் பேர் நெருங்கிய நண்பர்கள். அதே தளத்தின் இரு கோடியில் இருந்தவர்களில் 10 சதவீதம்தான். படிக்கட்டை ஒட்டிய கீழ்வீட்டுக்காரர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். குணப்பொருத்தம் அப்புறம், முதலில் முகம் அடிக்கடி கண்ணில் பட வேண்டும்.

கேள்வி: ஐந்து வருடமாக ஒரே கட்டடம். எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாது. இனிமேல் போய்க் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. நகரத்துக்கு வந்தால் மனிதர்களுக்கு ஈரம் வற்றிவிடுமா?

பதில்: ஈரம் வற்றவில்லை, உங்கள் கூச்சமே அதற்குச் சாட்சி. தினமும் ஒரே ரயில் மேடையில் நின்றும் பேசிக்கொள்ளாதவர்களைப் பற்றி உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் 1972இல் எழுதினார். 'பழகிய அந்நியர்' என்று அவர்களுக்குப் பெயர் வைத்தார். பேசாமலே நாள் ஓட ஓட, முதல் வார்த்தை இன்னும் கனத்துவிடுகிறது. அதே இருவர் தொலைதூர ஊரில் எதிர்ப்பட்டால் சட்டென்று பேசிவிடுவார்களாம்.

எனக்கும் அப்படி ஒருவர் இருந்தார். எங்கள் கட்டடத்தின் படிக்கட்டு அடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர். ஒன்பது வருடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு வேலைக்கு ஓடினேன். ஒருநாள் நாற்காலி காலி. மறுநாளும் காலி. மூன்றாம் நாள், கைப்பிடி ஓரம் சாய்ந்திருந்த அந்த நாற்காலியில் தூசி படிந்திருந்தது. அதைப் பார்த்ததும் மேலே போகக் கால் வரவில்லை. காவலாளியிடம் விசாரிக்கப் போனால், யாரைக் கேட்கிறேன் என்று சொல்ல எனக்குப் பெயர் தெரியவில்லை. "நாற்காலிப் பெரியவர்" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. வழுக்கி விழுந்து இடுப்பில் அடி, மகள் வீட்டில் இருக்கிறார் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே போனேன். கதவைத் திறந்த மகளிடம் என்னை யாரென்று சொல்வது? தயங்கிக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது: "யாரும்மா?"

"உங்க கட்டடத்துல மூணாவது மாடிங்க" என்றேன்.

"அட, கடைசி ரெண்டு படியைத் தாவி இறங்குவீங்களே, அந்தத் தம்பியா? உள்ள வாங்க. இங்க படிச் சத்தமே கேக்கல, பொழுதே போகல."

உங்கள் எதிர்வீட்டுக்காரருக்கும் உங்கள் சாவிச் சத்தம் தெரிந்திருக்கும். ஐந்து வருடம் தாமதமானால் என்ன, கதவைத் தட்டிப் பெயரைக் கேளுங்கள்.